முள் காட்டும் கணக்கு

பெட்ரோல் எஞ்சினின் சுழற்சி வேகத்தை அறிய விரும்புகிறவனுக்கு அந்த எஞ்சினே வழிகாட்டிவிடுகிறது. சிலிண்டரில் தீப்பொறி எழவேண்டிய ஒவ்வொரு கணத்திலும் இக்னிஷன் காயிலின் ஒரு முனையில் மின்துடிப்பு தவறாமல் உண்டாவதால், அம்முனையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மீட்டரில் சேர்த்த மாத்திரத்தில், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று முள் காட்டத் தொடங்கிவிடும். டீசல் எஞ்சினுக்கோ தீப்பொறி என்பதே கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்த உஷ்ணத்தாலேயே எண்ணெயை எரியவைக்கும் அந்தப் பழைய மாதிரி யந்திரம், ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு மின்சாரத்தின் தயவை வேண்டி நிற்பதில்லை. ஆகவே மீட்டர் பொருத்த வருகிறவன் கைநீட்டிப் பெற்றுக்கொள்ள அதனிடம் ஒரு துடிப்பும் இல்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் வேறொன்றிடமிருந்து அத்துடிப்பை எடுத்தாக வேண்டும். அந்த வேறொன்று ஆல்டர்னேட்டர் என்பதும், அதிலிருந்து ஒரு கம்பியை வெளியே கொண்டுவருவது அரைநாள் வேலை என்பதும், ஆனால் அக்கம்பி சொல்லும் எண் மெய்தானா என்று நிர்ணயிப்பது அதைவிட நெடிய வேலை என்பதும், ஆட்டோ எலக்ட்ரீஷியனாகக் காலம் தள்ளிய நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட விஷயங்கள்.

புதுப்பேட்டையில் மேஸ்திரி ஒருவரிடம் நான் தொழில் பழகச் சேர்ந்த காலத்தில் ஆல்டர்னேட்டரைக் கண்ணால் காண்பதே அபூர்வம். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960-ஆம் வருஷத்திலேயே தன் வேலியண்ட் காருக்கு அதைப் பூட்டிவிட்டதாகப் பிற்காலத்தில் படித்தேன். எங்கள் மேஜைக்கு வந்ததெல்லாம் டைனமோக்களே. கம்யூட்டேட்டரைக் கடைசலில் கொடுத்துச் சீராக்குவது, அதன் பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவை ரம்பத்துண்டால் கீறித் தாழ்த்துவது, கட்-அவுட் பெட்டியின் பாயிண்டுகளை உப்புக்காகிதம் போட்டுத் துலக்குவது ஆகிய இவையே எங்கள் நித்திய கர்மங்கள். டைனமோவிலிருந்து நேர்மின்சாரம்தான் வெளியே வரும் என்பதனால், சுற்றை எண்ணும் காரியத்துக்கு அது பிரயோஜனப்படாது. அக்காலத்து லாரிகளிலும் படகுகளிலும் வேகமானி இருந்ததென்றால் அது கேபிளால் ஓடியது. எஞ்சினின் உறுப்பு ஒன்றிலிருந்து வளையும் கம்பி ஒன்று உறைக்குள் சுழன்றபடி டாஷ்போர்டுவரை சென்று, அங்கே மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் அதனால் இழுபட்டு முள்ளை நகர்த்தும். யந்திரம் அழகானதுதான். ஆனால் கடற்கரையில் அந்தக் கேபிளின் ஆயுள் அற்பம். உப்புக்காற்று உறைக்குள் புகுந்து கிரீஸைக் கட்டியாக்கிவிட, ஒருநாள் முள் குதிக்கும், மறுநாள் கம்பி அறும், அதற்கு மறுநாள் முதலாளி மீட்டரை மறந்துபோவார்.

மறந்தாலும் நஷ்டமில்லை என்று எண்ணுவதற்கு அக்காலத்தில் நியாயம் இருந்தது. பழைய டிரைவர்களின் காது அவ்வளவு கூர்மையானது. லேலண்ட் எஞ்சினின் நாதத்தைக் கேட்டே, இது இவ்வளவு சுற்று என்று சொல்லி, கை டாக்கோமீட்டரை வைத்துப் பார்க்கும்போது ஐம்பது சுற்றுக்குள் சரியாக அமையும்படி சொல்லக்கூடியவர்களை நான் அறிவேன். ஆனால் காது பழக்கத்தின் அடிமை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வேகம் குறைந்து வந்தால், குறைந்ததையே சரியென்று அது ஏற்றுக்கொண்டுவிடும்.

1983-இன் இறுதியில் மாருதி 800 தெருவுக்கு வந்தது. அதன் ஆல்டர்னேட்டர் கைக்கு அடக்கமானது. ரெகுலேட்டரும் அதனுள்ளேயே இருந்தபடியால் தனிப்பெட்டி என்னும் தொல்லை இல்லை. சில வருஷங்களில் விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து கழற்றப்பட்ட ஆல்டர்னேட்டர்கள் புதுப்பேட்டைக் கடைகளில் குவியவே, 12 வோல்ட் பேட்டரியோடு ஓடும் சிறு டீசல் எஞ்சின் வைத்திருந்தவர்கள், அதாவது பம்புசெட்டுக்காரர்கள், ஜெனரேட்டர்காரர்கள், காசிமேட்டின் சிறு படகுக்காரர்கள் ஆகிய பலரும், டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டிக்கொள்ள முற்பட்டார்கள். மெதுவாக ஓடும்போதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்ற ஒரு விசேஷமே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. டீசல் வண்டிகளுக்கென்றே செய்யப்பட்ட ஆல்டர்னேட்டர்களின் முதுகில் டபிள்யூ என்று எழுதிய ஒரு முனை பெரும்பாலும் இருக்கும், ஆர்.பி.எம். மீட்டருக்கான துடிப்பு அதிலிருந்து கிடைக்கும். பெட்ரோல் காருக்காகச் செய்யப்பட்டதில் அம்முனை இல்லை. அதற்குத்தான் இக்னிஷன் காயில் இருக்கிறதே! ஆகவே கார் ஆல்டர்னேட்டரை வாங்கி டீசல் எஞ்சினில் மாட்டியவன், மீட்டரும் வேண்டுமென்று ஆசைப்பட்டால், அந்த முனையை யாராவது ஒருவர் உண்டாக்கித் தரவேண்டியதாயிற்று.

முதன்முதலில் என்னிடம் அதைக் கேட்டவர் காசிமேட்டுப் படகு முதலாளி ஒருவர். எஞ்சினை முழுவதும் முறுக்கினாலும் படகு முன்போல் ஓடுவதில்லை என்பது அவருடைய குறை. பம்பைப் பார்த்தாயிற்று, நாசிலை மாற்றியாயிற்று, குணமில்லை. “எவ்ளோ சுத்துதுன்னு கண்ணால பாக்கணும் மேஸ்திரி, காதுல கேட்டுக் கேட்டு ஏமாந்துட்டேன்” என்றார். மீட்டர் பொருத்திக் கடலில் ஓட்டிப் பார்த்தபோது, 1,800 சுற்றுவரை ஏறவேண்டிய எஞ்சின் 1,550-க்கு மேல் ஏற மறுத்துக் கரும்புகை கக்கியது. எஞ்சின் தளர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள்கொள்வது அவசரம். அதன் தலையில் ஏற்றப்பட்ட சுமை அதிகம் என்றும் கொள்ளலாம். படகைக் கரையேற்றிப் பார்த்தால் புரப்பெல்லரின் இலைகளிலும் அடிமரத்திலும் கொட்டலசு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தண்டில் பழைய வலைக்கயிறு வேறு சுற்றிக்கிடந்தது. சுரண்டித் துடைத்து இறக்கியதும் முள் 1,800-ஐத் தொட்டது. அன்றுமுதல் அவர் அந்த மீட்டரை எஞ்சினின் வேகம் காட்டும் கருவியாக அல்லாமல் படகின் அடியைக் காட்டும் கருவியாகவே பாவித்து வந்தார்.

இன்னொரு பிரயோஜனமும் அவருக்கு விரைவில் விளங்கிற்று. புரப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறி இறங்குவது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், வேண்டிய சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடுகிறது. மீன்பிடி இடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் 1,800-ஐ 1,600 ஆக்கி ஓட்டினால் கரைசேரச் சற்றே தாமதமாகும், டீசலோ கணிசமாக மிஞ்சும். டீசல் விலை ஏற ஏற என் வாடிக்கைக்காரர்களின் எண்ணிக்கையும் ஏறியதற்கு இதுவே காரணமென்று நினைக்கிறேன். என் கைத்திறமையை மெச்சி வந்தவர்கள் அதில் வெகு சிலரே.

வேலையைச் சொல்லுகிறேன். ஆல்டர்னேட்டரைப் பிரிப்பதற்கு முன்னால் முன்மூடியும் நடுவிலுள்ள ஸ்டேட்டரும் பின்மூடியும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு கோடு கீறிவைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது மாட்டும் காதுகள் இடம் மாறிப்போய், எஞ்சினில் பொருந்தாமல் மறுபடி பிரிக்க நேரும். கார்பன் பிரஷ்களை முதலில் வெளியே எடுத்துவிடவேண்டும்; எடுக்காமல் மூடியை இழுப்பவன் புது பிரஷ்ஷுக்குக் காசு கொடுப்பான். நீண்ட போல்ட்டுகளை அவிழ்த்துப் பின்மூடியைத் தளர்த்தினால், ஸ்டேட்டரின் செம்புச் சுருள்களிலிருந்து மூன்று கம்பிகள் வந்து டயோடுகளோடு சேர்ந்திருப்பதைக் காணலாம். ஆறு டயோடுகள்: மாறி மாறி வரும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புவதற்காக மூன்று பாஸிடிவ் தகட்டிலும் மூன்று நெகடிவ் தகட்டிலும் அமர்ந்திருக்கும். மாறுமின்சாரம் நேர்மின்சாரமாவதற்கு முந்திய அந்த இடத்தில்தான் எண்ணத்தக்க துடிப்பு இருக்கிறது. எனவே மூன்று கம்பிகளில் ஏதேனும் ஒன்று டயோடைச் சேருமிடத்தில் நம்முடைய கம்பியைச் சால்டர் செய்யவேண்டும். எந்த ஒன்று என்று சீடப்பிள்ளைகள் கேட்பார்கள். எதுவாயினும் சரி, மூன்றிலும் ஒரே துடிப்புத்தான், முன்பின்னாக வருவது ஒன்றே வித்தியாசம்.

டயோடுக்கு உஷ்ணம் சத்துரு. அதன் காலை மூக்குக் குறட்டால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கம்பியின் வார்னிஷை நன்றாகச் சுரண்டி, தாராளமாகச் சூடேறிய அயனால் சட்டென்று தொட்டு எடுத்துவிடவேண்டும். ஆறிய அயனை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருப்பதால் வருகிற கேடே அதிகம். பிறகு கண்ணாடி நூல் உறையைக் கம்பிமேல் ஏற்றி, சுழலும் ரோட்டரிலோ விசிறியிலோ அது எக்காலத்தும் உரசாதபடி சுருளோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டி, வார்னிஷ் பூசி உலரவிட்டு, பின்மூடியில் ஒரு துளையிட்டு ஃபைபர் வாஷர் வைத்த சிறு போல்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் டபிள்யூ முனை உண்டாகிவிட்டது. அதற்கு வெளியே ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மீட்டருக்குப் போகும் கம்பி என்றேனும் உராய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டால், சுருளின் மின்சாரம் குறுக்குவழியில் பாய்ந்து ஸ்டேட்டரே புகைந்துபோகும். ஃபியூஸ் இருந்தால் மீட்டரின் முள் மட்டும் விழும். ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கையில், பேட்டரி 14 வோல்ட்டில் சார்ஜ் ஆகும்போது இம்முனையில் அதில் பாதி, ஏறக்குறைய 7 வோல்ட் காட்டினால், பற்று நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது என்று நிச்சயிக்கலாம்.

நல்ல இடத்தில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வேலைக்குக் கிராக்கி வந்ததைக் கண்டு அண்டைக் கடைப் பையன் ஒருவனும் செய்யத் தொடங்கினான். கெட்டிக்காரன், ஆனால் சில ஸ்டேட்டர்களில் மூன்று சுருள்களின் மறுமுனைகளும் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கப்பட்டிருப்பதையும், அம்முடிச்சு கைக்கு எளிதில் எட்டுவதையும் கண்டு, டயோடுக்குப் பக்கத்தில் போய் அபாயத்தை விலைக்கு வாங்குவானேன் என்று அதிலேயே கம்பியைப் பற்றவைத்துவிட்டான். அங்கேயும் மல்டிமீட்டர் அதே 7 வோல்ட்டைக் காட்டியது! ஆனால் அந்த நடுமுடிச்சில் மூன்று சுருள்களின் துடிப்புகளும் கலந்து நிற்பதால், எழும் அதிர்வு மும்மடங்கு, அதுவும் பலவீனமானது. மெதுவாக ஓடும்போது முள் செத்துக் கிடந்தது, வேகம் ஏறியதும் திடீரென்று கடைசி எண்ணுக்குப் பாய்ந்தது. அவன் இரண்டு மீட்டர்களைக் குற்றவாளியாக்கித் திருப்பிக் கொடுத்த பிறகே என்னிடம் வந்தான்.

இனி, கணக்கு. கார் ஆல்டர்னேட்டரின் ரோட்டரை வெளியே எடுத்துப் பார்த்தால், இரு பக்கத்திலிருந்தும் நகங்களைப்போல வளைந்து ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இரும்புத் துருவங்களைக் காணலாம். பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு 6 ஆக மொத்தம் 12; ஆதலால் ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் ஆறு துடிப்பு. எஞ்சினின் கப்பி பெரிது, ஆல்டர்னேட்டரின் கப்பி சிறிது. 150 மில்லிமீட்டருக்கு 60 என்று வைத்துக்கொண்டால் விகிதம் இரண்டரை, எஞ்சினின் ஒரு சுற்றுக்குத் துடிப்பு பதினைந்து. எஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 375. காகிதத்தில் இது பிசகில்லாத கணக்கு. ஆனால் வி-பெல்ட் கப்பியின் விளிம்பில் ஓடுவதில்லை, பள்ளத்தினுள் அமிழ்ந்து ஓடுகிறது. மெய்யான விட்டம் இரண்டு கப்பியிலும் எட்டு மில்லிமீட்டர் குறைவு என்று கொண்டால் 142-க்கு 52, விகிதம் இரண்டரை அன்று, 2.73. விளிம்பை அளந்து மீட்டரை அமைத்தவன் நூற்றுக்கு ஒன்பது சுற்றுப் பொய்யை முதலாளிக்கு விற்றவனாகிறான். ஆகவே கப்பியை அளப்பது உத்தேசத்துக்கே உதவும். மீட்டரின் பின்னாலுள்ள திருகை முடிவாகத் திருப்புவதற்கு முன், கிராங்க் தண்டின் சுற்றை வேறொரு வழியில் எண்ணியே ஆகவேண்டும்.

தண்டின் நடுக்குழியில் ரப்பர் முனையை ஊன்றும் கை டாக்கோமீட்டர் உத்தமமானது. ஆனால் படகில் எஞ்சினின் முகத்துக்கு நேராகக் கையை நீட்ட இடமிராது. அந்த நிலையில் நான் கையாண்ட உபாயம், ராத்திரி வேளையில் ஒற்றை டியூப்லைட். 50 சைக்கிள் மின்சாரத்தில் எரியும் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகிறது. 1,500 சுற்றில் ஓடும் கப்பி விநாடிக்கு 25 முறை சுழல்கிறது. கப்பியின் முகத்தில் சமதூரத்தில் நான்கு சாக்பீஸ் கோடுகள் போட்டுவைத்தால், வேகம் சரியாக 1,500-ஐ அடைந்த க்ஷணத்தில் நான்கும் அசையாமல் நின்றுவிடும்; வேகம் சற்றுக் கூடினால் முன்னோக்கி ஊரும், குறைந்தால் பின்னோக்கி ஊரும். ஓடும் கப்பி நிற்பதாகத் தோன்றுவது பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, கையை நீட்டிவிட்டால் விபரீதம். ஆகையால் பையன்களை அந்த நேரத்தில் எட்ட நிற்கச் சொல்லிவிடுவேன்.

இந்த உபாயத்திலும் ஒரு சூக்ஷ்மம் ஒளிந்திருந்தது. தொண்ணூறுகளில் தென்னாட்டு மின்தொடர் 50 சைக்கிளில் நின்ற நேரம் குறைவு. மின்பற்றாக்குறையால் 48-ஐ ஒட்டி இறங்கிக் கிடக்கும். அப்போது டியூப்லைட் விநாடிக்கு 96 முறையே துலங்குவதால், கோடுகள் நிற்பது 1,500-இல் அன்று, 1,440-இல். சாயங்காலம் வீட்டுக்கு வீடு விளக்கெரியும் நேரத்தில் அமைத்த மீட்டரும், நடுநிசியில் அமைத்த மீட்டரும் ஒன்றோடொன்று ஒவ்வாமற்போன மர்மம் இதுவே. ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் நண்பரிடம் ஒரு ஃப்ரீக்வென்சி மீட்டரை இரவல் வாங்கி, பிளக்கில் செருகிப் பார்த்துக்கொண்டபிறகே நான் திருகைத் தொடுவது வழக்கமாயிற்று. 2003-ஐ ஒட்டி மின்வாரியங்களுக்குள்ளே விலைவிதி மாறியபின் ஃப்ரீக்வென்சி ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. பிறகு எலக்ட்ரானிக் சோக்கும் எல்.இ.டி.யும் வந்து அந்த ஒளித்துடிப்பையே ஒழித்துவிட்டன. இப்போது பளபளக்கும் ஒட்டுக்காகிதமும் லேசர் டாக்கோமீட்டரும்தான்.

மீட்டர் எண்ணுவது எஞ்சினை அன்று, ஆல்டர்னேட்டரை. இதை மறந்தவர்களுக்கு அது ஓயாமல் சந்தேகம் கிளப்பிக்கொண்டிருக்கும். “லைட்டப் போட்டா எஞ்சின் கொறையுது மேஸ்திரி” என்று ஒரு டிரைவர் வந்தார். போய்க் கேட்டால் எஞ்சினின் நாதத்தில் மாற்றமே இல்லை; முள் மட்டும் இறங்குகிறது. விளக்குகளின் சுமை ஏறியதும் வழவழத்துப்போன பெல்ட் சிறிய கப்பியில் வழுக்கியது. பேட்டரி ஏன் சரியாக ஏறுவதில்லை என்று அவர் வெகுநாள் கேட்டுவந்த வேறொரு கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்தது. மற்றொருவர், காலையில் முள் தூங்குகிறது, ஒரு முறுக்கு முறுக்கினால்தான் விழிக்கிறது என்றார். அவருடைய ஆல்டர்னேட்டர், தன் காந்தத்தை எழுப்பிக்கொள்ளத் தேவையான முதல் மின்சாரத்தைச் சார்ஜ் விளக்கின் பல்பு வழியாகப் பெறும் ஜாதி. பல்பு சுட்டுப்போயிருந்ததால், இரும்பில் மிச்சமிருந்த சொற்பக் காந்தத்தைக்கொண்டு அதிவேகத்தில்தான் அது கண்விழித்தது. படகின் இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைத்தபோது ஆல்டர்னேட்டர் கம்பிகளைக் கழற்றாமல் விட்டதால் டயோடு போய், முள் நடுங்கத் தொடங்கிய கேஸ்களைப்பற்றித் தனியே எழுதவேண்டும். அவை அத்தனை.

இப்போது வருகிற எஞ்சின்களில் ஃப்ளைவீலின் பற்களை ஒரு சென்ஸார் நேரே எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது. பழைய எஞ்சின்காரர்களுக்கும் டபிள்யூ முனையோடேயே புது ஆல்டர்னேட்டர் கடையில் கிடைக்கிறது. வேலை ஒழிந்தது என்றுதான் எண்ணினேன். சென்ற வருஷம் ஒரு படகிலிருந்து அழைப்பு வந்தது. பழைய ஆல்டர்னேட்டர் போய்விடவே புதியது வாங்கிப் பூட்டினார்களாம், அதுமுதல் எஞ்சின் தறிகெட்டு ஓடுகிறதாம். எப்போதும் 1,500 காட்டும் இடத்தில் மீட்டர் 2,000 காட்டியது. பயந்த டிரைவர் முள் 1,500-இல் நிற்கும்படி முறுக்கைக் குறைத்து ஓட்ட, படகு ஊர்ந்தது. மெக்கானிக் வந்து டீசல் பம்பைக் கழற்றி டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார். பம்பு திரும்பி வரும்வரை எனக்கு அவகாசம் இருந்தபடியால், புது ஆல்டர்னேட்டரைப் பிரித்து நகங்களை எண்ணினேன். பக்கத்துக்கு எட்டு. பழையதில் ஆறு. முள் மூன்றுக்கு நான்கு என்று காட்டியதில் வியப்பில்லை; 1,500 என்று நம்பி அவர்கள் ஓட்டியது வெறும் 1,125. மீட்டரின் பின்னாலிருந்த சுவிட்சை நகர்த்தித் திருகைத் திருப்பி, லேசர் வைத்துச் சரிபார்த்தேன். புறப்படுமுன் ஆல்டர்னேட்டரின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் ‘16’ என்று பெரிதாக எழுதினேன். என் கையால் பூட்டுகிற எல்லாவற்றிலும் இப்போது அப்படி எழுதிவிடுகிறேன். அடுத்துப் பிரிப்பவன் எண்ணவேண்டியதில்லை.